மகளைக் கடலில் விட்ட அரசன்: பிரெத்தாஞ் பயணக் குறிப்புகள்

திங்கள், கெம்பேர்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்ட அதிவேக ரயில், பிரான்சின் மேற்குக் கோடியான பிரெத்தாஞ் பகுதியில் உள்ள கெம்பேர் நகரில் நண்பகலுக்குள் என்னை இறக்கிவிட்டது. ஒதே, ஸ்தேர் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த இந்தச் சிறு நகருக்குப் பெரும்பாலோர் பேராலயத்தைக் காணவோ, கடற்கரைகளுக்குப் போகும் வழியில் ஓர் இரவு தங்கவோ வருகிறார்கள். நான் வந்தது ஓர் ஓவியத்துக்காக. எவாரிஸ்த் வித்தால் லூமினே 1884 ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ‘கிராட்லோன் அரசனின் தப்பியோட்டம்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம், பேராலயத்தை ஒட்டிய சதுக்கத்தில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில், இங்கிலாந்தில், விக்டோரியா அரசி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. முடியிழந்து ஓடும் மன்னர்களும் மாறுவேடத்தில் ஒளியும் இளவரசர்களும் லண்டனின் அகாதெமிக் கண்காட்சிகளிலும் பாரிஸின் சலோன் கண்காட்சிகளிலும் ஓவியர்களுக்கு அலுக்காத பொருளாக இருந்தார்கள். அவ்வகை ஓவியங்களில் பெரும்பாலானவை, தப்பிக்கிறவர் பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பைப் பார்வையாளரின் மனத்தில் மூட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை. லூமினேயின் படத்தில் அரசன் பிழைத்துவிடுவான் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. அதற்காக அவன் கொடுக்கும் விலைதான் கித்தானின் பெரும்பகுதியை நிறைத்திருக்கிறது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோர்நுவாய் நாட்டின் அரசன் கிராட்லோன், ஈஸ் என்னும் அழகிய நகரத்தைக் கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்த நிலத்தில் கொண்டிருந்தான். நகரைக் காத்தது ஓர் அணையும் அதிலிருந்த மதகும். மதகின் சாவியை அரசன் எப்போதும் தன் கழுத்திலேயே அணிந்திருப்பான். அவன் மகள் தாஹூத், தந்தை உறங்கும்போது அந்தச் சாவியைக் கவர்ந்து, தன் காதலனுக்காக மதகைத் திறந்தாள் என்றும், அந்தக் காதலன் சாத்தானே என்றும் சொல்வார்கள். கடல் உள்ளே புகுந்தது. குவெனோலே என்னும் துறவி ஓடிவந்து அரசனை எழுப்ப, இருவரும் குதிரையேறித் தப்பினார்கள். மகள் தந்தையின் பின்னால் தொற்றிக்கொண்டாள். அலை குதிரையை எட்டிப் பிடித்தபோது, ‘உன் பின்னால் இருக்கும் பேயைத் தள்ளிவிடு’ என்று துறவி கத்தினார். அரசன் தள்ளினான். கடல் நின்றது.

லூமினே தேர்ந்துகொண்டது அந்தத் தள்ளும் கணத்தை. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உள்ள இந்தக் கித்தானின் முன்னால் நின்றால், பாயும் குதிரைகளும் நுரைக்கும் நீரும் நம் மார்பளவுக்கு வந்துவிடுகின்றன. துறவியாடை அணிந்த குவெனோலே ஒரு குதிரையில், அரசன் மற்றொன்றில். அவிழ்ந்த கூந்தலோடு நீருக்குள் சரியும் தாஹூத்தின் வெளிறிய உடல், அந்த மங்கலான கடலின் நடுவே கண்ணை முதலில் இழுத்துக்கொள்கிறது. நகரத்தின் அழிவை விரிவாகக் காட்டுவதில் ஓவியர் அக்கறை கொள்ளவில்லை. சாவி, மதகு, காதலன், இரவு விருந்து என்று கதையில் அவள்மீது குற்றம் சுமத்தும் எதுவும் இங்கே இல்லை. ஆகவே கதை தெரியாத ஒருவர் இப்படத்தின் முன் வந்து நின்றால், ஓர் ஆண் ஒரு பெண்ணை நீரில் தள்ளுவதையும், புனிதர் என்று தோன்றும் மற்றொருவர் அதை ஏவுவதையும் மட்டுமே காண்பார். ஓவியர் இதை அறிந்தே செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். வேறு எந்தக் கணத்தைத் தேர்ந்திருந்தாலும் அவருக்கு ஒரு வெள்ளக் காட்சியும் வீரமான குதிரையோட்டமும் எளிதாகக் கிடைத்திருக்கும்.

இதே அருங்காட்சியகத்தில் செருசியே, எமில் பெர்னார், மொரீஸ் தெனி ஆகியோரின் ஓவியங்களும் இருக்கின்றன. கெம்பேருக்குத் தொலைவில் இல்லாத போந்தாவென் என்ற ஊருக்கு 1886 இல் ஓவியர் பால் கோகேன் வந்து சேர்ந்தார்; அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கூடிய இளைஞர்கள் தட்டையான வண்ணப் பரப்புகளாலும் அழுத்தமான கோடுகளாலும் ஓவியத்தின் இலக்கணத்தையே மாற்றினார்கள். லூமினேயின் குதிரைத் தசைகளும் ஈரத்துணியின் மடிப்புகளும் அவர்களுக்குப் பழங்கணக்காகத் தெரிந்திருக்கும். அறைகளைக் கடந்துசெல்லும்போது அந்த மாற்றம் எவ்வளவு விரைவானது என்பது வியப்பளிக்கிறது. ஆனாலும் பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாக நின்றது கிராட்லோனின் முன்னால்தான்.

செவ்வாய், கெம்பேர்

புனித கொரந்தேன் பேராலயத்தின் முகப்பில், இரண்டு கூர்ங்கோபுரங்களுக்கும் இடையே மிக உயரத்தில் ஒரு குதிரைவீரன் கல்லில் அமர்ந்திருக்கிறான். அவன்தான் கிராட்லோன். ஈஸ் நகரம் மூழ்கிய பின் அரசன் கெம்பேரைத் தலைநகராக்கினான் என்பதும், கொரந்தேனை முதல் ஆயராக அமர்த்தித் தன் அரண்மனையையே அவருக்குக் கொடுத்தான் என்பதும் மரபு. கொரந்தேனின் கதை இதமானது: அவரிடம் ஒரு மீன் இருந்தது, தினமும் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி உண்டுவிட்டு நீரில் விடுவார், மறுநாள் அது முழுமையாக நீந்திக்கொண்டிருக்கும். கிராட்லோன் கதையில் கடல் கொண்டது எதுவும் திரும்பி வருவதில்லை.

பேராலயத்தின் கட்டுமானம் 1239 இல் தொடங்கியது. கோபுரங்கள் மிகவும் பிந்தியவை. 1854 முதல் 1856 வரை ஜோசப் பிகோ என்ற கட்டடக்கலைஞரின் திட்டப்படி அவை எழும்பின. மறைமாவட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு சூ காசு வீதம் ஐந்தாண்டுகள் கொடுத்த நன்கொடையே அதற்கான பணம். நேற்று நான் கண்ட அருங்காட்சியகக் கட்டடமும் அதே பிகோவின் கைவண்ணம். சில்கி என்ற செல்வந்தர் தம் ஓவியத் தொகுப்பை நகருக்கு எழுதிவைத்ததன் பயனாக அது 1872 இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்து நடுவழியில் நின்று பார்த்தால், பீடப்பகுதி நேர்க்கோட்டில் அமையாமல் இடப்புறமாக ஒசிந்திருப்பது தெளிவாகத் தெரியும். இதற்குப் பக்தியான விளக்கங்களும் உண்டு, நிலத்தின் அமைப்பைச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. நான் வந்த வேலை அதுவல்ல என்பதால் வெளியே வந்துவிட்டேன்.

முகப்பிலிருந்த பழைய அரசன் சிலையைப் புரட்சிக்காரர்கள் 1793 இல் உடைத்தார்கள். அரசர்கள் எவருக்கும் அப்போது மன்னிப்பு இல்லை, கதையில் மட்டுமே வாழ்ந்த அரசர்களுக்கும்கூட. இப்போதுள்ள சிலை 1858 இல் வைக்கப்பட்டது. பழைய சிலையைச் சுற்றி ஒரு வேடிக்கையான சடங்கு நடந்துவந்தது. நவம்பர் 22 அன்று, புனித செசிலியா திருநாளில், பாடகர்கள் பாடிக்கொண்டிருக்க ஒருவர் மேலே ஏறிச் சிலைக்குப் பின்னால் அமர்வார். ஒரு கோப்பை மதுவை அரசனுக்குக் காட்டிவிட்டுத் தாமே குடிப்பார். துணியால் அரசனின் வாயைத் துடைப்பார். பிறகு வெறுங்கோப்பையைக் கீழே கூடியிருக்கும் மக்களை நோக்கி எறிவார். அது உடையாமல் பிடிப்பவருக்குப் பரிசு உண்டு.

வெள்ளத்திலிருந்து ஓடி வந்த அரசனை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை இந்தச் சடங்கு காட்டுகிறது. அவன் அவர்களுக்குக் கொலைகாரன் அல்லன். துயரப்பட்ட ஒரு கிழவன், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாய் மது கொடுத்துத் தேற்றப்பட வேண்டியவன். தாஹூத்துக்கு இப்பேராலயத்தின் முகப்பில் இடமில்லை. நினைவுப்பொருள் கடைகளில் மட்டும் வாலோடு கூடிய கடற்கன்னியாக அவள் அஞ்சலட்டைகளிலும் காந்தவில்லைகளிலும் தென்படுகிறாள். கடலில் விழுந்த பின் அவள் சாகாமல் மாரி மோர்கான் என்னும் கடற்பெண்ணாக மாறி, மீனவர்களைப் பாட்டால் மயக்குகிறாள் என்று சொல்வதுண்டு.

புதன், துவார்னெனே

கெம்பேரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவைப் பேருந்தில் கடந்தால் துவார்னெனே வந்துவிடுகிறது. ஈஸ் நகரம் மூழ்கியதாகப் பெரும்பாலோர் சொல்வது இந்த ஊரின் முன்னே விரிந்திருக்கும் வளைகுடாவில்தான். ராஸ் முனைக்கு அருகிலுள்ள விரிகுடாவும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகிறது. வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பதற்குச் சான்றும் இல்லை.

துவார்னெனே மத்தி மீனால் வளர்ந்த ஊர். 19 ஆம் நூற்றாண்டில் இங்கே மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகள் பெருகின. ஆனால் மீனைப் பதப்படுத்தும் தொழில் இங்கே அதற்கும் மிகப் பழையது. ஊருக்குக் கிழக்கே ப்ளோமார்க் என்ற சரிவில், ரோமானியர் காலத்து உப்புத்தொட்டிகளின் வரிசை இன்னும் இருக்கிறது. மத்தியை உப்பிலிட்டு, ‘காரும்’ எனப்பட்ட மீன்சாற்றை ஆக்கிய இடம் அது. கருங்கல் சுவர்களும், நீர் கசியாதவாறு பூசப்பட்ட ஆழமான தொட்டிகளும் புல்வெளிக்கு நடுவே கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. சுவையைக் கற்பனை செய்ய எனக்குச் சிரமம் இருக்கவில்லை. மாசிக்கருவாட்டுச் சம்பலோடு வளர்ந்தவர்களுக்கு உப்பில் ஊறிய மீன் அந்நியமன்று.

இந்தத் தொட்டிகள் ஈஸ் கதையோடு நேரடியாகத் தொடர்புடையவை என்று யாரும் நிறுவ முடியாது. ஆனால் வளைகுடாவைச் சுற்றிலும் இப்படிப்பட்ட ரோமானியச் சுவர்கள் சிதறிக் கிடந்ததும், பழஞ்சாலைகள் கடலை நோக்கிப் போய் முடிவதுபோல் தோன்றியதும், பிற்கால மக்களிடம் ‘இங்கே ஒரு பெருநகர் இருந்தது, கடல் அதைக் கொண்டுவிட்டது’ என்ற எண்ணத்தை வலுப்படுத்தின. கடைசிப் பனியுகம் முடிந்ததிலிருந்து கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வந்ததும் உண்மைதான். பிரெத்தாஞ் கரையில் சில இடங்களில், தாழ்ந்த ஓதத்தின்போது மணலுக்கடியிலிருந்து பழங்கால மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்படுவதுண்டு. அத்தகைய ஒரு கட்டையைப் பார்த்த மீனவருக்கு, தன் காலடியில் காடும் ஊரும் இருந்ததை நம்புவதற்குத் துறவிகளின் ஏடுகள் தேவைப்பட்டிருக்காது.

கடலணையும் மதகும் இந்தக் கதைக்கு ஏன் வந்தன என்பதை ஓதத்தைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடிகிறது. பெரு ஓதத்தின் நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6 மீட்டர் அளவுக்கு வேறுபாடு இருக்கும். பிற்பகலில் சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகள், மாலையில் துறையின் விளிம்புக்கு நிகராக மிதந்துகொண்டிருந்தன. கடல் தினமும் இருமுறை இவ்வளவு உயரம் ஏறி இறங்கும் கரையில், தாழ்ந்த நிலத்தில் வாழ்பவருக்கு ஒரே ஒரு கதவுதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது என்ற அச்சம் கற்பனையன்று. லூமினேயின் அலைகள் பாய்ந்து வருகின்றன. நான் கண்ட நீர் பாயவில்லை, எந்த ஆரவாரமும் செய்யாமல் உயர்ந்துகொண்டே வந்தது. அதைக் கித்தானில் தீட்ட முடியாது என்பதால் ஓவியர் புயலை வரவழைத்துக்கொண்டார் போலும்.

மேற்குப் பக்கத்தில் ஒரு கழி உள்ளே நீண்டு, பூல்தாவி என்ற இடத்தை நோக்கிப் போகிறது. தாஹூத் குதிரையிலிருந்து விழுந்த இடம் அதுவே என்பார்கள். கழியின் வாயில் த்ரிஸ்தான் தீவு. கரையோரமாகப் பழைய கப்பல்கள் கட்டிய துறை. அங்கே அவளுக்கென ஒரு சிலையையோ பலகையையோ தேடிச் சற்று நேரம் நடந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. பிறகு கடைத்தெருவுக்குப் போய், இவ்வூரில் 1860 வாக்கில் தோன்றிய குய்ஞ் அமான் என்னும் பலகாரத்தை வாங்கினேன். ரொட்டிமாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை மடித்து மடித்துச் சுட்டது அது. வெண்ணெயின் அளவைப் பற்றி மருத்துவர்கள் இருக்கும் சபையில் பேசாமல் இருப்பது நல்லது.

வியாழன், துவார்னெனே

பகல் முழுதும் மழை. அறையிலேயே இருந்து லூமினேயைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1821 இல் நாந்த் நகரில் பிறந்தவர். லெயோன் கோனியே, த்ரொயோன் ஆகியோரிடம் பயின்றவர். 1896 இல் பாரிஸில் மறைந்தார். பழங்காலக் கோல் இனத்தவரையும், மெரோவிங்கிய அரச மரபினரையும் வரைவதில் பெயர் பெற்றதால் ‘கோல்களின் ஓவியர்’ என்றே அழைக்கப்பட்டார். பிரான்சு 1870 இல் பிரஷ்யாவிடம் தோற்ற பின்பு, தன் மூதாதையர் யார் என்ற கேள்வியில் அந்நாடு மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தது. அந்த ஆர்வத்துக்கு அவர் தீனி போட்டார் என்று சொன்னால் தவறாகாது. அவருடைய குதிரைகள் அவர் வரைந்த வீரர்களைவிட நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கிராட்லோனுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1880 இல், அவர் வரைந்த ஓவியம்தான் இன்று அவர் பெயரை அதிகம் நினைவூட்டுவது. இரண்டாம் க்ளோவிஸ் அரசனின் மகன்கள் இருவர் தந்தைக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். தண்டனையாக அவர்களுடைய கால்நரம்புகளைச் சுட்டு முடமாக்கி, துடுப்பில்லாத தெப்பத்தில் படுக்கவைத்து செய்ன் ஆற்றில் விட்டார்கள். தெப்பம் மிதந்து மிதந்து ஜூமியேஜ் மடத்தில் கரை சேர்ந்தது என்பது அதன் கதை. அந்தப் படத்தின் ஒரு வடிவம் ருவான் நகரிலும், மற்றொன்று வெகுதொலைவில் சிட்னி நகரின் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. பெரிய படுக்கையில் போர்த்திக் கிடக்கும் இரண்டு இளைஞர்களும் அசைவற்ற ஆறும் தவிர அதில் எதுவும் நடப்பதில்லை.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இரண்டிலும் பெற்ற பிள்ளைகளை அரசன் நீருக்குக் கொடுக்கிறான். இரண்டிலும் பிள்ளைகள் செய்த குற்றம் சட்டகத்துக்கு வெளியே எங்கோ நடந்து முடிந்துவிட்டது. நமக்குக் காட்டப்படுவது தண்டனை மட்டும். ஒன்றில் தண்டனை மிக மெதுவாக ஆற்றோடு போகிறது, மற்றொன்றில் ஒரு நொடியில் முடிகிறது. இரண்டிலும் முடிவில் ஒரு மடமும் துறவிகளும் இருக்கிறார்கள். லூமினே இதைத் திட்டமிட்டு ஓர் இரட்டையாக அமைத்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தன் பிள்ளையைவிடத் தன் ஆட்சியைப் பெரிதாக எண்ணிய அரசர்களிடம் அவர் மனம் திரும்பத் திரும்பச் சென்றது என்பதற்கு இந்த இரண்டு கித்தான்களே போதும்.

மாலையில் மழை விட்டபோது விடுதிக்காரப் பெண்மணி ஒரு பழமொழியைச் சொன்னார்: பாரிஸ் மூழ்கும் நாளில் ஈஸ் மேலே எழுமாம். நான் பாரிஸிலிருந்து வருகிறேன் என்று தெரிந்துகொண்ட பின்னரே அதைச் சொன்னார்.

வெள்ளி, ஆர்கோல், லாந்தேவெனெக்

வாடகைக் காரில் வடக்கே சென்றேன். 330 மீட்டர் உயரமுள்ள மெனெஸ் ஓம் குன்றிலிருந்து துவார்னெனே வளைகுடா முழுவதையும் பார்க்கலாம். மேகம் இறங்கியிருந்ததால் பாதிதான் கிடைத்தது. அடுத்து ஆர்கோல் என்னும் சிற்றூர். இதன் கோயில் வளாகத்துக்கு 1659 இல் கட்டிய கல்வளைவு ஒன்று வாயிலாக அமைந்திருக்கிறது. அதன் மேலும் குதிரைமீது கிராட்லோன் அரசன். கெம்பேரின் சிலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கே அரசன் ஊரார் பேசுவதைக் கேட்கும் உயரத்தில் இருக்கிறான்.

லாந்தேவெனெக், ஓன் ஆறு ப்ரெஸ்த் துறைமுக நீர்ப்பரப்பில் கலக்கும் கழிமுகத்தில் இருக்கிறது. மலைகள் காற்றைத் தடுப்பதால் குளிர் குறைவு. பனைவகை மரங்கள்கூட வளர்கின்றன. படத்தில் கையசைத்து ஆணையிடும் குவெனோலே 5 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மடத்தை நிறுவினார் என்பது மரபு. 818 இல் பேரரசர் லூயியின் ஆணைப்படி இம்மடம் பெனடிக்ட் சபையின் ஒழுங்குமுறையை ஏற்றது. 913 இல் வைக்கிங்குகள் வந்து எரித்தார்கள். துறவிகள் புனிதரின் திருப்பண்டங்களைச் சுமந்துகொண்டு வடக்கே மோந்த்ரேய் வரை ஓடினார்கள். தப்பியோட்டங்களில் இது வரலாற்றுச் சான்று உள்ளது. இதை எவரும் பெரிய கித்தானில் வரையவில்லையே என்று தோன்றியது. பிற்காலத்தில் திரும்பி வந்து கட்டிய கோயிலும் புரட்சிக்குப் பின் பாழாயிற்று. அந்த இடிபாடுகளின் நடுவே, கிராட்லோனின் கல்லறை என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். மேட்டில் 20 ஆம் நூற்றாண்டில் எழுந்த புதிய மடத்தில் துறவிகள் மீண்டும் வாழ்கிறார்கள்.

இடிபாடுகளை ஒட்டிய சிறு அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றேன். 9 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மடத்தின் தலைவராக இருந்த உர்திஸ்தேன் என்பவர் குவெனோலேயின் வரலாற்றை இலத்தீனில் எழுதினார். அதில் கிராட்லோன் வருகிறான். பெரும் வல்லமை கொண்ட அரசன், துறவியின் முன் தாழ்ந்து நின்று கொடை அளிக்க முன்வருகிறான். துறவி செல்வத்தை மறுத்து அவனுக்கு அறிவுரை கூறுகிறார். அவ்வளவே. மூழ்கிய நகரம் அதில் இல்லை. மதகு இல்லை, சாவி இல்லை, மகளும் இல்லை. ஈஸ் நகரின் அழிவு பிந்தைய நூற்றாண்டுகளில் கதைக்குள் வந்தது. ஆல்பெர் லெ கிரான் என்ற டொமினிக்கன் துறவி 1637 இல் வெளியிட்ட புனிதர் வரலாறுகளில் தாஹூத் சாவியோடு வருகிறாள். நகரத்தின் பாவம் முழுவதும் அவள் தலையில் ஏறுகிறது. தந்தை அவளைக் குதிரையிலிருந்து தள்ளும் காட்சி, நாம் இன்று அறிந்த வடிவில், 19 ஆம் நூற்றாண்டின் மறுகூறல்கள் வழியாகவே பரவலாயிற்று. லூமினே அதைப் பழைமையானதாக எண்ணி வரைந்திருக்கலாம். உண்மையில் அது அவருடைய ரயில்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் சமகாலத்தது.

ஒரு நகரம் மூழ்கியதற்கு யாரையாவது பொறுப்பாக்க வேண்டியிருந்தது. அரசனைப் பொறுப்பாக்க முடியாது, ஏனெனில் அவன் புனிதரின் நண்பன், பேராலயத்தைக் கொடுத்தவன். ஆகவே அவனுக்கு ஒரு மகளைப் பிறப்பித்தார்கள். ஏடுகளில் அவளுக்குக் கிடைத்தது வசைச்சொற்கள் மட்டுமே. அவளுடைய முகத்தையும் உடலின் எடையையும் நம் கண் முன் கொண்டுவந்து, அவள் விழுவதை நம்மைப் பார்க்க வைத்தவர், பழைய பாணிக்காரர் என்று ஒதுக்கப்பட்ட லூமினே.

இதே வழியில் பயணம் செய்ய விரும்புவோருக்கு ஒன்று சொல்வேன். நான் வந்த வரிசையைத் திருப்பிப்போட்டுக்கொள்ளுங்கள். முதலில் லாந்தேவெனெக், பிறகு துவார்னெனே, கடைசியாகக் கெம்பேர் அருங்காட்சியகம் என்று போனால், மகளில்லாத கதையில் தொடங்கி, மகளைத் தள்ளும் படத்தில் முடிப்பீர்கள். துவார்னெனேயிலிருந்து லாந்தேவெனெக்குக்கு நேரான பொதுப்போக்குவரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். கார் எடுப்பதே நல்லது. தெரெனெஸில் ஓன் ஆற்றைக் கடக்கும், கம்பிவடங்கள் தாங்கும் வளைந்த பாலத்தின் வழியாகத் திரும்பினால் பாதை சற்று நீளும், ஆனால் காட்சி நன்றாக இருக்கும்.